குடிநீர் வாரியக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்றால் எதைக் கேட்பீர்கள்?

#1 கடைசி_வீடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எங்கள் பகுதிக்குத் தண்ணீர் தரும் வாரியம் அடுத்த வாரம் நுகர்வோர் கூட்டம் வைத்திருக்கிறது. முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். நான் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் என்ன கேட்பது என்ற யோசனையே வந்தது.

என் குறை இது. தெருவில் கடைசி வீடு எங்களுடையது. காலையில் குழாயைத் திறந்தால் முதல் சில நிமிடம் தண்ணீர் பழுப்பாக வரும், அப்புறம் தெளிந்துவிடும். மூன்று முறை புகார் செய்தேன். ஒரு முறைகூட யாரும் வந்து பார்க்கவில்லை. ஆனால் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்ற குறுஞ்செய்தி மூன்று முறையும் தவறாமல் வந்தது. மூன்றாவது செய்தி வந்தபோது நான் கையில் பழுப்புத் தண்ணீர் வாளியோடு நின்றுகொண்டிருந்தேன்.

கூட்டத்தில் இதையே கத்திவிட்டு வரலாம். வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள். "உன் வாளிக் கதை யாருக்கு வேண்டும், நாலு பேருக்கு உபயோகமாக ஏதாவது கேள்" என்கிறார்கள். சரி, உங்களையே கேட்கிறேன். ஒரு வாரியம் தன் மக்களுக்கு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால், எதைக் கேட்பீர்கள்?

#2 சைக்கிள்மணி

வாளியை மேடையில் வைத்துவிட்டு "நீங்கள் இதைக் குடிப்பீர்களா?" என்று கேளுங்கள். மூன்று நிமிடம்கூடத் தேவைப்படாது.

#3 பழைய_பம்ப்

சைக்கிள்மணி பேச்சைக் கேட்காதீர்கள். மேடையில் இருப்பவர் ஒரு வாய் குடித்துக் காட்டுவார், கைதட்டல் விழும், கூட்டம் கலையும். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் இதுதான் நடந்தது. 2015 ஜூலையில் மேயரே தொலைக்காட்சியில் குழாய்த் தண்ணீரைக் குடித்துக் காட்டினார். அந்தத் தண்ணீரில் ஈயம் இருந்தது. ஈயத்துக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது.

ஒரு வாரியத்தின் இயக்கப் பிரிவில் 31 வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். முதலில் உங்கள் வாளியைப் பார்ப்போம். நாளைக் காலை முதல் தண்ணீரை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் செம்பழுப்புத் தூள் படிந்தால் அது இரும்புத் துரு. கறுப்பாகப் படிந்தால் மாங்கனீஸாக இருக்கலாம். வெள்ளையாகப் பால் போல வந்து, கீழிருந்து மேலாகத் தெளிந்தால் வெறும் காற்றுக் குமிழி, பயமில்லை. சாக்கடை வாடை அடித்தால் புட்டி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம், குடிப்பதை உடனே நிறுத்திவிட்டுப் போனைப் போடுங்கள். இன்னொன்று, பக்கத்து வீட்டிலும் அப்படி வருகிறதா? உங்கள் வீட்டில் மட்டும் என்றால் கோளாறு உங்கள் இணைப்புக் குழாயில் இருக்கலாம்.

அப்புறம் கேள்வி. நானாக இருந்தால் இப்படிக் கேட்பேன்: "எங்கள் பகுதிக்குள் இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையே எவ்வளவு தண்ணீர் போகிறது?"

ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன், கண் அசத்துகிறது.

#4 கடைசி_வீடு

நன்றி ஐயா. பக்கத்து வீட்டிலும் வருகிறது, ஆனால் கொஞ்சம் குறைவு. அதற்கு முந்தைய வீட்டில் இல்லையாம். புட்டி வைத்துப் பார்க்கிறேன்.

#5 எதிர்க்காற்று

இத்தனை யோசனை எதற்கு? "எப்போது தனியாரிடம் கொடுக்கப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். போட்டி இல்லாத இடத்தில் சேவையும் இருக்காது. தீர்க்காத புகாரைத் தீர்த்ததாகச் செய்தி அனுப்பும் கடை, சந்தையில் ஒரு மாதம் தாங்காது.

#6 மீட்டர்முள்

எதிர்க்காற்று, ஒரு தெருவில் இரண்டு கம்பெனி இரண்டு குழாய் போட்டுப் போட்டி நடத்துமா? ஒரு காலத்தில் லண்டனில் நடத்தின. தேம்ஸின் தென்கரையில் சில தெருக்களில் ஒரு வீட்டுக்கு லேம்பெத் கம்பெனித் தண்ணீர், அடுத்த வீட்டுக்கு சவுத்வர்க் அண்ட் வாக்ஸால் கம்பெனித் தண்ணீர். லேம்பெத் 1852இல் தண்ணீர் எடுக்கும் இடத்தை ஆற்றின் மேல்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டது. இன்னொன்று நகரத்துச் சாக்கடை கலக்கும் இடத்திலேயே எடுத்துக்கொண்டிருந்தது. 1854இல் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். 10,000 வீடுகளுக்கு லேம்பெத் பக்கம் 37 சாவு, மற்றதில் 315. இரண்டும் தனியார்தான். போட்டியும் இருந்தது. வீட்டுக்காரர்களில் பல பேருக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர் வருகிறது என்றே தெரியாது.

தண்ணீரைப் பார்த்து வாங்கும் பொருளாக நினைப்பதில்தான் பிசகு. பார்த்தால் எதுவும் தெரியாது.

#7 எதிர்க்காற்று

170 வருடத்துக்கு முந்தைய கதை.

#8 மீட்டர்முள்

புதுக் கதையும் சொல்கிறேன். பாரிஸில் 1985 முதல் இரண்டு பெரிய கம்பெனிகளிடம் விநியோகம் இருந்தது. 2010 ஜனவரி 1 முதல் நகராட்சியே திரும்ப எடுத்துக்கொண்டது, அடுத்த வருடம் கட்டணத்தை 8 சதவிகிதம் குறைத்தது. பொலிவியாவின் கொச்சபாம்பாவில் தனியாரிடம் கொடுத்ததும் கட்டணம் ஏறி, மக்கள் தெருவில் இறங்கி, 2000 ஏப்ரலில் ஒப்பந்தமே ரத்தானது. அதற்காக அரசு நடத்தினால் எல்லாம் சரியாக இருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஃபிளின்ட்டை நடத்தியது அரசுதான்.

நான் ஒரு வாரியத்தில் கட்டணப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கே என்று கேட்காதீர்கள். தீர்க்காத புகார் எப்படித் "தீர்க்கப்பட்டது" ஆகிறது என்று சொல்கிறேன். புகாரை 48 மணி நேரத்துக்குள் மூட வேண்டும் என்று மேலிடம் இலக்கு வைக்கும். இலக்கு மூடுவதற்குத்தான், தீர்ப்பதற்கு இல்லை. 47ஆவது மணி நேரத்தில் யாரோ ஒருவர் பொத்தானை அழுத்திவிடுவார். தனியார் வந்தாலும் இதே இலக்கு, இதே பொத்தான்.

என் கேள்வி: "மூடிய புகார்களில் அதே வீட்டிலிருந்து 30 நாளுக்குள் திரும்ப வந்தவை எத்தனை?" இந்த எண்ணை யாரும் கேட்பதில்லை. கணினியில் எடுக்க ஐந்து நிமிடம் ஆகாது.

#9 சைக்கிள்மணி

இது நல்ல கேள்வி. என் வாளியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

#10 பழைய_பம்ப்

இரவுக் கணக்கைச் சொல்கிறேன் என்றேனே.

இரவு 2 மணிக்கு ஊர் தூங்குகிறது. யாரும் குளிப்பதில்லை, துணி துவைப்பதில்லை. ஆஸ்பத்திரி, இரவு ஷிப்ட் நடக்கும் ஆலை, கழிப்பறைக்கு எழுந்த நாலு பேர், அவ்வளவுதான். அந்த நேரத்தில் பகுதிக்குள் போகும் மெயின் லைனில் மீட்டர் வேகமாகச் சுற்றினால், அந்தத் தண்ணீரில் பெரும்பங்கு மண்ணுக்குள் போகிறது என்று அர்த்தம். நிமிடத்துக்கு 5 லிட்டர் ஒழுகும் ஒரே ஒரு ஓட்டை ஒரு நாளில் 7,200 லிட்டரைத் தின்றுவிடும். அது சாலை மேல் வந்து காட்டிக்கொடுக்கும் ஓட்டையாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. கீழேயே பக்கத்துச் சாக்கடைக்குள் இறங்கி வருடக்கணக்கில் ஓடலாம்.

நான் சேர்ந்த புதிதில் கசிவு கண்டுபிடிக்க ஒரு பெரியவர் இருந்தார். கையில் ஓர் இரும்புக் கம்பி, ஒரு முனையில் மரக்கட்டையில் கடைந்த கிண்ணம். ராத்திரி மூன்று மணிக்கு வால்வுக் குழி மூடியைத் தூக்கி, கம்பியை வால்வுத் தண்டின் மேல் ஊன்றி, கிண்ணத்தைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். யாரும் பேசக் கூடாது. ஓட்டை இருந்தால் "ஸ்ஸ்ஸ்" என்று ஓர் இழைச் சத்தம் வரும். அடுத்த குழிக்குப் போவார். சத்தம் கூடினால் முன்னே, குறைந்தால் பின்னே. ஒரு முறை என் காதிலும் வைத்தார். எனக்கு என் இதயத் துடிப்புதான் கேட்டது. இப்போது அதற்குக் கருவி வந்துவிட்டது. இரண்டு இடத்தில் ஒலிவாங்கி வைத்தால் சத்தம் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து ஓட்டை எத்தனை அடி தூரத்தில் என்று அதுவே கணக்குப் போடும். ஆனால் கருவியை ராத்திரி எடுத்துக்கொண்டு போக ஆள் வேண்டும்.

கம்போடியாவின் நாம்பென் நகரை எடுத்துக்கொள்ளுங்கள். போரில் சிதைந்த ஊர். 1993இல் அனுப்பிய தண்ணீரில் 72 சதவிகிதம் கணக்கிலேயே வரவில்லை. ஓட்டையும் திருட்டு இணைப்பும்தான். அந்த வருடம் ஏக் சோன் சான் என்பவர் பொறுப்பேற்றார். எல்லா வீட்டுக்கும் மீட்டர், எல்லா மீட்டருக்கும் பில், பெரிய மனிதர் வீடு என்று விலக்குக் கிடையாது என்றார். மீட்டர் வைக்கப் போனபோது ராணுவ அதிகாரி ஒருவர் தன்னிடம் துப்பாக்கியை நீட்டியதாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். பதினைந்து வருடத்தில் இழப்பு 6 சதவிகித அளவுக்கு இறங்கியது, 24 மணி நேரமும் தண்ணீர் வந்தது. 2006இல் அவருக்கு மகசேசே விருது கொடுத்தார்கள். எதிர்க்காற்று கவனிக்கவும், அது அரசு வாரியம்தான். ஆனால் தினசரி நிர்வாகத்தில் அரசியல் தலையீடு இல்லாமல் விட்டார்கள்.

#11 எதிர்க்காற்று

கவனித்தேன் ஐயா. கடைசி வரிதான் சூட்சுமம். அதை எத்தனை ஊரில் விடுவார்கள்?

#12 பழைய_பம்ப்

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 31 வருடத்தில் மூன்று பேரைத்தான் அப்படி விட்டுப் பார்த்திருக்கிறேன்.

#13 வாடகைக்காரி

எல்லாம் படித்தேன். நல்ல பேச்சுதான். ஆனால் இங்கே எல்லோரும் "நுகர்வோர்" என்கிறீர்கள். நுகர்வோர் என்றால் யார்? இணைப்பு இருப்பவர். கூட்டத்தில் பேசப் பெயர் கொடுக்கும்போது இணைப்பு எண் கேட்டார்களா இல்லையா?

#14 கடைசி_வீடு

கேட்டார்கள். அதை நான் யோசிக்கவே இல்லை.

#15 வாடகைக்காரி

நான் வளர்ந்த இடத்தில் யாருக்கும் நில ஆவணம் கிடையாது. ஆவணம் இல்லாவிட்டால் இணைப்புக் கிடையாது. மெயின் லைன் எங்கள் வாசலுக்குக் கீழேதான் போனது. வெயில் காலத்தில் மண்ணில் காலை வைத்தால் அந்த ஓரம் மட்டும் குளிர்ந்திருக்கும், அவ்வளவு கிட்டே. நாங்கள் லாரித் தண்ணீர் வாங்கினோம், குடம் கணக்கில். ஆயிரம் லிட்டருக்குப் பெருக்கிப் பார்த்தால் குழாய் வீட்டுக்காரர் கொடுப்பதைப் போலப் பல மடங்கு. ஏழைதான் தண்ணீருக்கு அதிகம் கொடுக்கிறான், எத்தனையோ நாடுகளில் இதே கதைதான்.

வரிசையில் நிற்பது அம்மா அல்லது மூத்த பெண். எங்கள் வீட்டில் நான். லாரி எத்தனை மணிக்கு வரும் என்று தெரியாது. அதனால் ஒரு நாள் பள்ளிக்கு முழு நாள் போவேனா அரை நாள் போவேனா என்பதை லாரி டிரைவர்தான் முடிவு செய்தார்.

குடிநீர் மனித உரிமை என்று ஐநா பொதுச்சபை 2010 ஜூலை 28இல் தீர்மானம் போட்டது. அதில் இணைப்பு எண் உள்ளவருக்கு மட்டும் என்று எழுதவில்லை. என் கேள்வி: "உங்கள் எல்லைக்குள் குழாய் இல்லாமல் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவர்களுக்காகப் பேச இந்த அறையில் யார் இருக்கிறார்?"

#16 எதிர்க்காற்று

அனுதாபம் உண்டு சகோதரி. ஆனால் இலவசமாகக் கொடுத்தால் வாரியம் திவாலாகும்.

#17 வாடகைக்காரி

இலவசம் என்று நான் எங்கே சொன்னேன்? நாங்கள் ஏற்கெனவே உங்களைவிட அதிகம் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்றுதான் சொன்னேன். இன்னொரு முறை படியுங்கள்.

#18 மீட்டர்முள்

வாடகைக்காரி சொல்வது சரி. ஏழை வீட்டுக்கு மாதக் கட்டணத்தைவிட இணைப்புக்கு மொத்தமாகக் கட்டும் தொகைதான் சுவர். நாம்பென்னில் அந்தத் தொகையில் வசதிக்கு ஏற்ப 30 சதவிகிதம் முதல் முழுவதும் வரை தள்ளுபடி கொடுத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்று ஒரு கொள்கை வைத்தார்கள், அதற்கு மேல் போனால்தான் கட்டணம். இங்கிலாந்தில் 1989இல் தனியார்மயம் ஆன பிறகும், 1999இல் ஒரு சட்டம் போட்டு, பாக்கி வைத்தாலும் குடியிருக்கும் வீட்டின் தண்ணீரை நிறுத்தக் கூடாது என்றாக்கினார்கள். பாக்கியை வசூலிக்கலாம், ஆனால் குழாயை மூடி வசூலிக்கக் கூடாது.

பணம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், இதைக் கவுன்டரில் தினமும் எனக்குத் திட்டாகச் சொல்வார்கள். "சிக்கனமாக இருங்கள் என்றீர்கள், இருந்தோம், இப்போது கட்டணத்தை ஏற்றுகிறீர்களே!" கேப்டவுனில் 2018 வறட்சியில் ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று வரம்பு வைத்தார்கள். எந்த வீடு வரம்புக்குள் இருக்கிறது என்று இணைய வரைபடத்தில் பச்சைப் புள்ளி போட்டுக் காட்டினார்கள். மக்கள் நிஜமாகவே பயன்பாட்டைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தார்கள். குழாய் வறண்டுபோகும் நாள் வராமலே போனது. ஆனால் விற்பனை விழுந்ததும் வருமானமும் விழுந்தது, அதே வருடம் மீட்டர் அளவைப் பொறுத்து நிலையான கட்டணம் ஒன்றைச் சேர்த்தார்கள். மக்கள் கொதித்துப் போனார்கள். கோபம் நியாயம், கணக்கும் நியாயம். வாரியத்தின் செலவில் பெரும்பகுதி நாம் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அப்படியே இருக்கும்: குழாய்க்கு வாங்கிய கடன், ஆள் சம்பளம், பராமரிப்பு. லிட்டரோடு சேர்ந்து குறைவது மின்சாரமும் மருந்தும்தான். இதை வறட்சிக்கு முன்பே மக்களிடம் சொல்லியிருக்க வேண்டும், பில்லில் சொல்லக் கூடாது.

#19 மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது. #19 என்று போட்டிருந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன், ஓர் அதிகாரியின் பெயரும் கைபேசி எண்ணும் அதில் இருந்தன. பெயர் வேண்டாம், விஷயம் போதும்.

#20 ஆய்வுக்கூடம்

தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும். நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். எல்லோருடைய கேள்வியும் நல்ல கேள்வி. ஆனால் கடைசி_வீடு என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு வேறொரு கேள்வி தோன்றியது.

"மாதிரி எடுக்கும் இடங்களின் பட்டியலைக் காட்டுங்கள். அதில் தெருவின் கடைசி வீடுகள் எத்தனை?"

சுத்திகரிப்பு நிலையத்தை விட்டுக் கிளம்பும் தண்ணீர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அதில் கொஞ்சம் குளோரினை மிச்சம் வைத்து அனுப்புவார்கள், வழித்துணைக்கு. குழாய்ச் சுவரில் படிந்த துரு, கிருமிப் படலம், வழியில் நுழையும் அழுக்கு எல்லாவற்றோடும் மோதி மோதி அது குறைந்துகொண்டே வரும். வீட்டுக்கு வந்து சேரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தெருவின் முட்டு முனையில் தண்ணீர் ராத்திரி முழுக்க அசையாமல் நிற்கிறது. துரு படிவதும் அங்கே, குளோரின் தீர்ந்துபோவதும் அங்கே. காலையில் குழாயைத் திறந்ததும் படிந்தது கலங்கி வருகிறது. கடைசி_வீடு, உங்கள் புட்டியில் செம்பழுப்பு படிந்திருக்குமே?

மாதிரி எடுக்கப் போகிறவர் மனிதர். வெயிலில் வண்டி ஓட்டிப் போய், நிழல் இருக்கும் இடத்தில், தெரிந்தவர் வீட்டில், அலுவலகத்துக்குப் பக்கத்தில் எடுத்துவிடுவார். வாரத்துக்கு 40 மாதிரி, எல்லாம் தேறியது என்று அறிக்கை போகும். 40உம் ஒரே மேல்நிலைத் தொட்டியின் காலடியில் எடுத்ததாக இருக்கும். இதை நான் பார்த்திருக்கிறேன்.

எடுக்கும் விதமும் இருக்கிறது. கிருமிப் பரிசோதனைக்கான புட்டியில் முன்பே சோடியம் தயோசல்பேட் போட்டிருக்க வேண்டும். போடாவிட்டால் வண்டியில் வரும் வழியிலேயே மிச்சக் குளோரின் கிருமியைக் கொன்றுவிடும், தண்ணீர் சுத்தம் என்று முடிவு வரும். குழாயில் நிலவரம் வேறு.

#21 கடைசி_வீடு

செம்பழுப்புதான் மேடம். மாவு போல நைசாகப் படிந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் புட்டியில் அதில் பாதி.

#22 சைக்கிள்மணி

குளோரின் வாடை அடிக்கும் தண்ணீர் நல்ல தண்ணீர் என்கிறீர்களா மேடம்? எங்கள் வீட்டில் வாடை அடித்தால் கீழே கொட்டிவிடுவோம்.

#23 ஆய்வுக்கூடம்

லேசான வாடை நல்ல சகுனம். பாத்திரத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் போய்விடும், கொட்ட வேண்டாம். நேற்று வரை அடித்த வாடை இன்று திடீரென்று அடிக்காமல் போனால்தான் நான் கவலைப்படுவேன்.

கனடாவில் வாக்கர்ட்டன் என்று ஒரு சிற்றூர், சுமார் 5,000 பேர். 2000 மே மாதம் கனமழையில் மாட்டுச் சாணக் கழிவு ஆழமில்லாத கிணற்றுக்குள் இறங்கியது. போதுமான குளோரின் போட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள். தினசரிப் பதிவேட்டில் 0.5, 0.75 என்று அழகாக எழுதியிருந்தது. அளக்காமலே எழுதிய எண்கள் என்று விசாரணையில் தெரியவந்தது. ஆய்வுக்கூட முடிவு கையில் வந்த பிறகும், சுகாதாரத் துறை கேட்டபோது தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்றார் பொறுப்பாளர். 7 பேர் இறந்தார்கள், சுமார் 2,300 பேர் நோயில் விழுந்தார்கள். எங்கள் கூடத்துக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் இந்தக் கதையைச் சொல்லித்தான் பேனாவைக் கொடுப்பேன். தெரியாவிட்டால் காலியாக விடு, எழுதாதே என்பேன்.

மீட்டர்முள் சொன்ன புகார்க் கணக்கை நானும் ஆதரிக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் கிருமிப் பரிசோதனை முடிவு வர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். மக்கள் மூக்குக்கும் கண்ணுக்கும் ஒரு நொடி. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது, குளோரினுக்கு மசியாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி. கலங்கலாக வருகிறது என்று மக்கள் போன் செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஃபிளின்ட்டிலும் 2014 அக்டோபரிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, இந்தத் தண்ணீர் எங்கள் இன்ஜின் பாகங்களை அரிக்கிறது என்று சொல்லி வேறு தண்ணீருக்கு மாறிவிட்டது. இரும்பு அரித்ததற்கு உடனே வழி கிடைத்தது. குழந்தைகள் இன்னும் ஒரு வருடம் அதையே குடித்தார்கள்.

#24 பழைய_பம்ப்

மேடம் கேள்விக்கு என் ஓட்டு. என் இரவுக் கணக்கை வாபஸ் வாங்குகிறேன். அது வாரியத்துக்கு உள்ளே கேட்க வேண்டிய கேள்வி. இது வெளியிலிருந்து கேட்க வேண்டிய கேள்வி.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டு முனையில் வால்வு ஒன்று இருக்கும், குழாயைக் கழுவிவிடுவதற்கு. "எங்கள் தெருமுனை வால்வைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்?" அதற்குப் பதில் மேடையில் இருப்பவருக்குத் தெரியாது. அறையின் பின்பக்கம் வால்வுக்காரர் நிற்பார், அவருக்குத் தெரியும். எத்தனை சுற்றுத் திறக்கும், எது முக்கால் சுற்றில் சிக்கும் என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. ஒரு முறை 6 அங்குல இரும்புக் குழாயை வெட்டி எடுத்தோம். உள்ளே துரு முடிச்சு முடிச்சாக வளர்ந்து, என் கை முஷ்டி நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. "இது ரெண்டு வருஷமாவே சுற்று இறுகுதுன்னு சொன்னேனே சார்" என்றார் வால்வுக்காரர். சொல்லியிருந்தார். யாரும் எழுதிவைக்கவில்லை, நானும்தான்.

#25 வாடகைக்காரி

மேடம் கேள்வியையே கேளுங்கள். குழாய் முடியும் இடத்துக்கு அடுத்தாற்போலத்தான் நாங்கள் இருப்போம். கடைசி வீடு வரைக்கும் அவர்கள் பார்வை வந்தால் எங்களுக்கும் பக்கம்.

#26 கடைசி_வீடு

(பத்து நாள் கழித்து) எல்லோருக்கும் நன்றி. கூட்டம் முடிந்தது.

மேடம் கேள்வியைக் கேட்டேன். மேடையில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் மாதிரிகளில் 99 சதவிகிதம் தேறியது என்றார். இடங்களின் பட்டியல் என்று திரும்பக் கேட்டேன். பட்டியல் இருக்கிறது, கொண்டுவரவில்லை என்றார். புகார்க் கணக்கையும் கேட்பதற்குள் மணி அடித்துவிட்டார்கள். அதை எனக்கு அடுத்துப் பேசிய அம்மா, நான் கையில் வைத்திருந்த தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கேட்டார். அறையில் சிரிப்பு. ஒரு மாதத்தில் இரண்டையும் தகவல் பலகையில் போடுவதாகக் குறித்துக்கொண்டார்கள். போடுவார்களா, பார்க்கலாம். இணைப்பு எண் இல்லாதவர்களுக்கும் அடுத்த கூட்டத்தில் இடம் என்று கேட்டேன், அதற்கு யாரும் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. வாடகைக்காரி மன்னிக்கவும். எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

ஐயா சொன்னது போலவே பின்பக்கம் வால்வுக்காரர் நின்றிருந்தார். வெளியே வந்ததும் அவராகவே கூப்பிட்டார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு, தெருத்தெருவாகப் படம் வரைந்து வைத்திருக்கிறார். எங்கள் தெருமுனையைக் காட்டி, இதன் மேல் போன வருடம் சாலை போட்டு மூடிவிட்டார்கள், நாலு முறை எழுதிக் கொடுத்தேன் என்றார். நேற்றுக் காலை இரண்டு பேரோடு வந்து, நோட்டில் இருந்த அளவுப்படி என் வாசற்படியிலிருந்து ஒன்பது அடி அளந்து கொத்தினார். மூடி அங்கேதான் இருந்தது. திறந்ததும் பதினோரு நிமிடம் பழுப்பாகப் பாய்ந்தது, தெரு முழுக்க வேடிக்கை. மெதுவாக மூட அவர் எடுத்துக்கொண்ட நேரம் அதைவிட அதிகம். சட்டென்று மூடினால் குழாய் உதைக்கும் என்றார்.

இன்று காலை புட்டியில் எதுவும் படியவில்லை. மேடம் சொன்ன மிச்சக் குளோரினை அளந்து பார்க்க டிபிடி என்ற சோதனை மாத்திரைப் பெட்டி ஒன்றும் வாங்கினேன். 10 மில்லி தண்ணீரில் மாத்திரையை நசுக்கிப் போட்டால் இளஞ்சிவப்பாக மாற வேண்டும் என்று போட்டிருந்தது. மாறியது, ஆனால் ரொம்ப லேசாக. ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. அட்டையில் 0.1க்கும் 0.2க்கும் நடுவில். போதுமா?

#27 ஆய்வுக்கூடம்

போதாது. ஆனால் மாத்திரையின் காலாவதி தேதியை முதலில் பாருங்கள், நிறத்தை ஒரு நிமிடத்துக்குள் பார்த்தீர்களா என்றும் சொல்லுங்கள். தேதி சரியாக இருந்தால் இதே நேரத்தில் மூன்று நாள் எடுத்து, தேதி போட்டு எழுதிவையுங்கள். பக்கத்து வீட்டிலும் எடுங்கள்.

#28 கடைசி_வீடு

தேதி சரியாகத்தான் இருக்கிறது. நிறத்தை ஒரு நிமிடத்துக்குள்தான் பார்த்தேன். நோட்டு ஒன்று போட்டுவிட்டேன். முதல் பக்கத்தில் வால்வுக்காரர் வரைந்த படம் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரரும் நாளை ஆறு மணிக்கு வருகிறேன் என்றிருக்கிறார்.

#29 சைக்கிள்மணி

வாளி என்ன ஆயிற்று?